சட்டைப்பையில் டாக்டரின் கண்ணாடி

வியாழக்கிழமை என்றால் மார்லிஸ் டோலெஃப்ஸனின் சட்டைப்பையில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடக்கும். அவளுடையது அல்ல. பொடி எழுத்து படிக்க வைத்திருக்கும் மலிவுக் கண்ணாடியை விட்டால் அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. பையில் கிடப்பது டாக்டர் ரீட் ஹேவர்லண்டுடையது. ஃபார்கோ நகருக்குள் நுழையும் நெடுஞ்சாலையில், "கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்" என்று பெரிய பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாரே, அதே டாக்டர்தான்.

மற்ற நாட்களில் அவர் கண்ணுக்குள் லென்ஸ் போட்டுக்கொண்டு ஒப்பேற்றிவிடுவார். வருகிறவர்களிடம் வெறுங்கண்ணோடு உட்கார்ந்து பேசுவார். லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைச் சரிசெய்யும் அறுவை நாளில் அது நடக்காது. அந்த அறைக் காற்று உலர்ந்து கிடக்கும், லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வியாழக்கிழமை மட்டும் சோடாபுட்டிக் கண்ணாடி. நுண்ணோக்கியில் கண்ணை வைக்கும்போது அதைக் கழற்ற வேண்டும், நுண்ணோக்கியின் திருகே பார்வையைச் சரிசெய்துவிடும். ஆனால் கண்ணாடியைக் கையுறை போட்ட கையால் தொடக் கூடாது. அதற்குத்தான் மார்லிஸ். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடவை அவர் முகத்திலிருந்து கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வாள், வேலை முடிந்ததும் துடைத்து மாட்டிவிடுவாள். மூக்குத்தண்டு படும் இடத்தில் அவர் பூசும் முகக்களிம்பு பிசுபிசுக்கும். வருஷக்கணக்காக அந்தப் பிசுக்கைத் துடைத்துத் துடைத்து, சாப்பாட்டு மேஜையில் வெண்ணெயைத் தொட்டால்கூட அவளுக்கு அந்த நினைப்பு வந்து குமட்டும்.

இன்னொரு வேலையும் உண்டு. அந்த அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்தப்பக்கம் கூடத்தில் குடும்பத்தார் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், டாக்டர் ஆறுதல் சொல்வதை ஒலிபெருக்கியில் கேட்கலாம். டாக்டரின் கண்ணாடி மார்லிஸின் பைக்குள் போன பிறகுதான் திரை விலகும், ஒலிபெருக்கி பேசும். படுத்திருக்கிற நோயாளியைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வருகிறார்கள்! எதிரில் நிற்பவர் முகத்தில் கண்ணாடி இருக்கிறதா, கத்திரிக்காய் இருக்கிறதா என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இங்கே சோறுகூட வேண்டியிருக்கவில்லை.

மார்லிஸ் ஒன்றும் இந்தக் கூத்துக்கென்று பிறந்தவள் அல்ல. மேவில் பக்கம் கோதுமை விளைவிக்கும் குடும்பம். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ஃபார்கோவில் ஒரு கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கச் சேர்ந்தாள். அங்கிருந்து கிழவர் டாக்டர் ஆர்விட் சுண்ட்பி அவளைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டார். சுண்ட்பி சிடுமூஞ்சி. ஆனால் வாயில் பொய் வராது. லேசர் இந்தப் பக்கம் புதிதாக வந்த காலத்தில் மினியாபொலிஸில் இருந்த ஒரு நண்பரிடம் போய்த் தன் கண்ணிலேயே செய்துகொண்டு வந்தவர் அவர். "உங்களுக்கு எப்படி இருக்கு டாக்டர்?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "பகல்ல கழுகு மாதிரி பார்க்கிறேன். ராத்திரி கார் ஓட்டினா எதிர்ல வர்ற விளக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வளையம் தெரியுது. எனக்கு அது பரவாயில்ல. உங்களுக்குப் பரவாயில்லையான்னு வீட்டுக்குப் போய் யோசிங்க." பாதிப் பேர் யோசிக்கப் போய் அப்படியே போய்விடுவார்கள். கிழவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

ரீட் ஹேவர்லண்ட் அவரிடம் சேர்ந்தபோது முப்பது சொச்சம் வயது, தடித்த கண்ணாடி, தேன் ஒழுகும் பேச்சு. வந்த முதல் மாசமே, "எனக்கும் செஞ்சு விட்டுடுங்க சார்" என்று கிழவரிடம் கேட்டார். கருவிழியைப் படம் எடுத்தது மார்லிஸ்தான். திரையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு வட்டம் விழுந்தது. அதன் கீழ்ப்பாதியில் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு. கிழவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் கருவிழி மெல்லிசு. கீழ்ப்பக்கம் இப்பவே முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது," என்றார். "இதை இன்னும் செதுக்கினா ஒரு நாள் பிதுங்கிக்கிட்டு வரும். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் சரியா வராது. உனக்கு இது வேண்டாம், ரீட்."

"ஓரத்துலதானே சார் இருக்கு? ஒண்ணும் ஆகாமலும் போகலாமே?"

"போகலாம். சூதாடணும்னா சீட்டுக்கட்டு வாங்கிக்கோ. கண்ணை வெச்சு ஆடாதே."

ரீட் அத்தோடு அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். அன்றைக்கு வாங்கிய பயம் இன்று வரைக்கும் அவர் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் தப்பே இல்லை. புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்வான். கண் டாக்டர்களில் எத்தனையோ பேர் சுண்ட்பியைப் போலத் தங்களுக்கே செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒத்துவராதவர்கள் கண்ணாடியோடு இருந்துவிடுகிறார்கள். தன் கண்ணை அத்தனை அருமையாகப் பார்த்துக்கொண்டவர் அடுத்தவன் கண்ணை எப்படிப் பார்த்தார் என்பதுதான் மார்லிஸுக்குப் பொறுக்காத விஷயம்.

சுண்ட்பி ஓய்வெடுத்துக்கொண்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார். மருத்துவமனையை ஒரு கம்பெனி வாங்கியது. சுவரெல்லாம் வெள்ளை, சோபாவெல்லாம் வெள்ளை, காப்பி மட்டும் கழுநீர். கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் ஒரு பித்தளை மணி. அறுவைக்குப் போகிறவர் தன் பழைய கண்ணாடியைப் பெட்டியில் போட்டுவிட்டு மணியை அடிக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். பெட்டிக்குள் முதல் கண்ணாடியாக டாக்டர் ரீட் தன்னுடைய பழைய ஒன்றைப் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் என்ன நினைத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. படம்தான் சொன்னது.

லேசர் கண்ணைச் சுடும்போது முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வரும். கேட்டால், "அது மெஷின்ல இருக்கிற வாயு" என்று சொல்லும்படி கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மார்லிஸும் சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தலைக்குக் குளிப்பாள்.

வேலி சிட்டியிலிருந்து ஒரு முடிதிருத்துபவர் வந்தார், கோர்டன் ஸ்டென்ஸ்ருட் என்று பெயர். அவர் படத்திலும் கீழே சிவப்பு இருந்தது. "ஓரத்துலதான் இருக்கு, பரவாயில்ல" என்றார் ரீட். கிழவரிடம் தான் சொன்ன அதே வார்த்தை! இரண்டு வருஷம் கழித்து கோர்டன் திரும்பி வந்தபோது ஒரு தலை அவருக்கு மூன்று தலையாகத் தெரிந்தது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் கெட்டி லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்ள மாசாமாசம் அத்தனை தூரம் மனைவி கார் ஓட்ட வந்து போனார். "உங்க உடம்புவாகு அப்படி," என்றார் ரீட், தோளைத் தட்டிக்கொடுத்து. கோர்டன் அதற்கு நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்டதும் மார்லிஸ் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த ஊரை அறியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். சர்ச் நிலவறையில் ஒருத்தி கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைக்கும் ஹாட்டிஷை உப்புக்கரிக்கச் சமைத்துக் கொண்டுவந்தால், "உன் பாத்திரம் ரொம்ப அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டு முழுசையும் விழுங்குகிற ஜனம் அது. மூஞ்சிக்கு நேராக ஒரு வார்த்தை சொல்வது அங்கே எச்சில் துப்புவதற்குச் சமம். மார்லிஸ் அந்த மண்ணில் முளைத்தவள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ரெனே வந்தாள்.

ரெனே பாக்கி, மார்லிஸின் சித்தி மகள். வாய்த் துடுக்கு. வருஷம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். இலையுதிர் காலத்தில் சர்க்கரைக்கான பீட் கிழங்கு அறுவடை வந்தால் இரவும் பகலும் லாரி ஓட்டுவாள். கிழங்கு மண்ணும் புழுதியும் அப்பி, மூக்குக்கண்ணாடியை நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பெரிய எரிச்சல். கணவன் ஆர்லினுக்கு முதுகு போய் வீட்டோடு கிடந்தான். அந்த வீட்டில் ஓடுகிற சக்கரம் எல்லாம் ரெனே ஓட்டுகிற சக்கரம்தான்.

அவள் கண்ணையும் மார்லிஸ்தான் படம் எடுத்தாள். பச்சை, மஞ்சள், கீழே சிவப்பு. ரீட்டின் படத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால் அண்ணன் தங்கச்சி என்று சொல்லலாம்.

டாக்டர் வெறுங்கண்ணோடு வந்து உட்கார்ந்தார். புதினா மணக்கப் புன்னகைத்தார்.

"எனக்கும் உங்க பவர்தான் ரெனே. காலையில எழுந்து கண்ணாடியைத் தேடித் தடவுற கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

"அப்பப் பாருங்க! நான் ஒரு தடவை தேடறதுக்குள்ள அது மேலயே உட்கார்ந்துட்டேன் டாக்டர்."

"இனிமே தேட வேண்டாம். உங்க படத்துல ஓரத்துல கொஞ்சம் சிவப்பு இருக்கு. ஆனா பரவாயில்ல, செஞ்சுடலாம்."

மார்லிஸ் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரெனே வெளியே போனதும் முதல்முறையாக டாக்டரிடம் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், இவ என் தங்கச்சி முறை. படம் கொஞ்சம்... கிழவர் இருந்தா இன்னொரு தடவை பார்த்திருப்பாரோ என்னமோ."

"கிழவர் இருந்தா நாம இன்னும் கண்ணாடிதான் வித்துக்கிட்டு இருப்போம் மார்லிஸ்," என்று சிரித்தார். "இந்த மாசம் கம்பெனி கேட்ட கணக்குக்கு நோயாளிங்க குறையுது. உங்க சொந்தம்னா நான் கூடுதலாவே கவனிச்சுக்கிறேன், சரியா?"

கவனித்துக்கொள்கிறாராம். திருடன் கையில் சாவியைக் கொடுத்தால் அவனும் அதைத்தான் சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிலவறையில் காப்பிக் கோப்பையோடு மார்லிஸ் ரெனேயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரெனே லெஃப்ஸ ரொட்டியில் சர்க்கரையைத் தூவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய் மார்லிஸ், நேராச் சொல்லுடி. உங்க டாக்டர் தன் கண்ணுல இதைச் செஞ்சுக்கிட்டவர்தானே? சுவர்ல படம் பார்த்தேன்."

மார்லிஸ் காப்பியைக் கலக்கினாள். அதில் சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை.

"இந்தக் கண்ணாடி உனக்கு எடுப்பாத்தான் இருக்கு, ரெனே."

அந்த ஊரில் இதற்கு மேல் ஒருத்தி கத்த முடியாது. வேறு யாராக இருந்தாலும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன விஷயம்?" என்று கேட்டிருப்பாள். ஆனால் ரெனேவுக்கு ஆசை காதை அடைத்துவிட்டது.

"எடுப்பா இருக்காம்! ஆர்லின்கூட இப்படிப் பொய் சொன்னதில்லடி. அறுவடை வர்றதுக்கு முன்னால முடிச்சுக்கணும். வியாழக்கிழமை நீ பக்கத்துல இருப்பேல்ல?"

"இருப்பேன்," என்றாள் மார்லிஸ்.

"அது போதும் எனக்கு. நீ நிக்கிற இடத்துல தப்பு நடக்குமா என்ன?"

மார்லிஸ் காப்பியைக் குடிக்காமலேயே கீழே வைத்துவிட்டாள். நிலவறைப் பெண்கள் பாட்டுப் பாட எழுந்தபோது அவள் மட்டும் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. ரெனேவுக்கு மனம் அடங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அவள் தன் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, மணியை அந்தக் கூடமே அதிரும்படி அடித்தாள். ஜனம் கைதட்டியது. ஆர்லின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினான். மார்லிஸ் அவள் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். திரை மூடியிருந்தது. மூலையில் டாக்டர் கண்ணாடியோடு நின்றிருந்தார். இரண்டடி தூரத்தில் ரெனே அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் இருந்த பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தயாரா ரெனே?"

"நான் தயார் டாக்டர். நீங்க ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

ரெனே படுத்தாள். மெஷின் அவள் தலைக்கு மேலே வந்து நின்றது. முன்னால் முடிந்த ஆளின் கருகல் நாற்றம் அறையில் இன்னும் போகவில்லை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல முகத்தை மார்லிஸ் பக்கம் நீட்டினார். பால் குடிக்க வாயை நீட்டுகிற கன்றுக்குட்டி மாதிரி நீட்டினார். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். விரலில் களிம்பு பிசுபிசுத்தது.

அவள் திரையை விலக்கினாள். ஒலிபெருக்கியைப் போட்டாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஆர்லின் கையை ஆட்டினான். இவ்வளவும் எல்லா வியாழக்கிழமையும் நடப்பதுதான். ஆனால் மற்ற வியாழக்கிழமைகளில் இதற்குள் கண்ணாடி பைக்குள் போயிருக்கும், இன்றைக்கு அது இன்னும் அவள் கையிலேயே இருந்தது. கை பை வரைக்கும் போயிற்று. நீ நிக்கிற இடத்துல தப்பு நடக்குமா என்ன?

டாக்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். மார்லிஸ் குனிந்து, அந்தக் கண்ணாடியை ரெனேயின் மூக்கின் மேல் வைத்து, இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள்.

ரெனே கண்ணைச் சிமிட்டினாள்.

"ஐயோ, எல்லாம் நல்லாத் தெரியுதே! அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?" மாத்திரையில் நாக்குக் கொஞ்சம் தடித்திருந்தது. "மார்லிஸ், நீ ஏன்டி அழறே? இது யார் கண்ணாடி?"

"டாக்டரோடது."

"எந்த டாக்டர்?"

"இதோ உன் தலைமாட்டுல நிக்கிறாரே, அவரோடது. அவர் இதைச் செஞ்சுக்கல ரெனே. கிழவர் சுண்ட்பி வேண்டாம்னு சொன்னாரு, கேட்டுக்கிட்டாரு. அவர் கருவிழி மெல்லிசு, கீழ்ப்பக்கம் தள்ளிக்கிட்டு நிக்குது. உன்னோடதும் அதே மாதிரி. ரெண்டையும் நான்தான் படம் எடுத்தேன்."

ஒலிபெருக்கி ஒரு வார்த்தை விடாமல் கூடத்துக்கு எடுத்துப் போயிற்று.

டாக்டர் நிமிர்ந்தார். கண்ணை இடுக்கினார். தேன் வற்றிப்போன குரலில், "மார்லிஸ், திரையை மூடுங்க," என்றார். "ரெனே, அவங்களுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு. நீங்க அமைதியாப் படுங்க."

"இருங்க டாக்டர். இது உங்க கண்ணாடியா, இல்லையா?"

"அது... ஒவ்வொருத்தர் கண்ணும் ஒவ்வொரு விதம் ரெனே. எனக்கு ஒத்து வராதுன்னு..."

"உங்களுக்கு ஒத்து வராதது எனக்கு மட்டும் எப்படி ஒத்து வரும்? நான் பஸ்ஸுல பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறவ!"

நெடுஞ்சாலைப் பலகையில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

ரெனே எழுந்தாள். எழுந்த வேகத்தில் மெஷினில் தலையை இடித்துக்கொண்டு, சர்ச்சில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொன்னாள். அதுவும் ஒலிபெருக்கியில் போயிற்று. பிறகு மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையே இதைச் சொல்ல உனக்கு வாய் வரல. அப்படித்தானே?"

"வரல."

"தூ!" என்றாள் ரெனே. அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மார்லிஸுக்கு அது முகத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ள நினைக்கவில்லை.

ரெனே டாக்டரின் கண்ணாடியோடு கூடத்துக்கு நடந்தாள். மார்லிஸ் பின்னாலேயே போய்ப் பெட்டியின் பூட்டைத் திறந்துவிட்டாள். ரெனே உள்ளே கையை விட்டுத் தன் கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டாள். டாக்டருடையதை இரண்டு விரலால் காதுக்கம்பியைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டாள். மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

"கிளம்பு ஆர்லின்," என்றாள். "கார் நான் ஓட்டக்கூடாதாம், மாத்திரை போட்டிருக்கேன். உன் முதுகு தாங்குமா?"

"தாங்கும், தாங்கும். வா," என்றான் ஆர்லின்.

அவர்கள் கதவைத் திறக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

"மார்லிஸ்? என் கண்ணாடியை எங்கே வெச்சீங்க? மார்லிஸ்!"

கூடத்தில் ரெனேவுக்கு அடுத்த முறைக்குக் காத்திருந்த ஒரு பெரியம்மா, பெட்டியில் போட்டு மணியடிக்கத் தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்தாள். அவள் அதைக் கைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். மார்லிஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி வெள்ளை சோபாவின் மேல் போட்டுவிட்டு, கையைக் கழுவப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் டாக்டர் ரீட் ஹேவர்லண்ட் கையுறை போட்ட இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக் கூடத்தைப் பார்த்தபடி நின்றார். எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.